பொறுமையைப் படைக்கலமாக ஏந்தியவர்

இந்திய விடுதலைப் போராட்ட வரலாற்றைப் பயிலும் மாணவர் எவரும் 'எல்லை காந்தி' என்னும் பெயரைக் கேளாதிருக்க இயலாது. ஆயின், அப்பெயருக்கு உரியவரைப் பற்றி மேலும் இரண்டு செய்திகள் கூறுக என்றால் பெரும்பாலோர் வாய் திறப்பதில்லை. வகுப்பில் 'செஞ்சட்டையினர்' என்று சொன்னால், பொதுவுடைமைக் கட்சியினரா என்று வினவும் மாணவரும் உளர். பிழை அவர்கள்மேல் இல்லை. அப்பட்டமே ஒருவகையில் அம்மனிதரை மறைத்துவிட்டது. காந்தியடிகளின் நிழல் வடமேற்கு மூலையில் விழுந்தது போலவே அவரை நாம் எண்ணிப் பழகிவிட்டோம். கான் அப்துல் கபார் கான் தமக்கெனத் தனி வேர் கொண்ட மரம். அவ்வேரினை அறிந்தாலன்றி அவர் விட்டுச்சென்ற செல்வம் யாதென்பது விளங்காது.

பெஷாவர்ப் பள்ளத்தாக்கில், சார்சத்தாவை அடுத்த உத்மான்சை என்னும் ஊரில், நிலக்கிழார் ஒருவரின் மகனாக அவர் 1890ஆம் ஆண்டில் பிறந்தார். பெஷாவரில் கிறித்தவப் பாதிரியார் நடத்திய பள்ளியில் பயின்றார். ஆங்கிலப் படையில் அதிகாரியாகும் வாய்ப்பு வந்தது. அங்கே இந்தியர் நடத்தப்பட்ட முறையைக் கண்டு அதனை உதறினார். தமையனார் டாக்டர் கான் சாகிப் மருத்துவம் பயில இங்கிலாந்து சென்றிருந்தார். தம்பியும் போகப் புறப்பட்டபோது தாயார் இசையவில்லை. தாயின் கண்ணீருக்கு மதிப்பளித்து ஊரிலேயே தங்கியவர் 1910ஆம் ஆண்டில் அங்கு ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவிலிருந்து தாயகம் திரும்பியது 1915ஆம் ஆண்டில் என்பதை ஈண்டு நினைவிற்கொள்ளுதல் வேண்டும்.

ஒரு பள்ளி, பின்னர் பல பள்ளிகள், அதன்பின் சிறை என்று அவருடைய பொதுவாழ்வு அமைந்தது. 1921ஆம் ஆண்டில் உத்மான்சையில் 'ஆசாத்' பள்ளியை நிறுவினார். அவ்வாண்டின் இறுதியிலேயே கைதாகி மூன்றாண்டுத் தண்டனை பெற்றார். 1928ஆம் ஆண்டில் 'பக்தூன்' என்னும் திங்களிதழைத் தம் தாய்மொழியாகிய பஷ்தூவில் வெளியிட்டார். அம்மொழி நரகத்தில் பேசப்படும் மொழி என்று சிலர் மக்களிடையே பரப்பி வைத்திருந்ததாக அவரே வருந்தி எழுதியிருக்கிறார். தாய்மொழியில் எழுதுவதையும் படிப்பதையும் சமயத்திற்குப் பகையெனக் கருதிய மக்களிடம் அவ்விதழைக் கொண்டு சேர்த்த உழைப்பு எளிதன்று. தமிழ்த்துறையினராகிய நமக்கு இச்செய்தி சற்று நெருக்கமானது. அவருடைய மகன் கனி கான் சாந்திநிகேதனத்தில் பயின்று பஷ்தூ மொழியின் பெருங்கவிஞருள் ஒருவராக விளங்கியதையும் இடையே சொல்லி வைக்கலாம்.

பட்டாணியரின் வாழ்வில் 'பதல்' என்றொரு வழக்குண்டு. பழிக்குப் பழி என்பது அதன் பொருள். தந்தை விட்டுச்சென்ற பகையை மகன் முடிக்க வேண்டும். மகனால் இயலாதெனில் பேரன் முடிக்க வேண்டும். வீட்டுக்கு வீடு துப்பாக்கி இருந்த நிலம் அது. கோழைகளுக்கு அகிம்சையைப் போதிப்பது எளிது. அவர்கள் ஏற்கெனவே ஆயுதத்தை அஞ்சுபவர்கள். பழிவாங்காதவன் ஆணல்லன் என்று தாலாட்டிலேயே கேட்டு வளர்ந்தவனிடம் துப்பாக்கியைக் கீழே வை என்று சொல்வதற்கு வேறொரு துணிவு வேண்டும். கான் அத்துணிவுடன் 1929ஆம் ஆண்டில் தொடங்கிய இயக்கமே 'குதாயீ கித்மத்கார்', அதாவது 'இறைவனின் ஊழியர்'. இறைவனுக்கு ஊழியம் தேவையில்லை. ஆகவே அவன் படைப்புகளுக்கு ஊழியம் செய்வதே அவனுக்குச் செய்யும் ஊழியம் என்பது உறுதிமொழியின் முதற்கூறு. வன்முறையையும் பழிவாங்கலையும் விடுவேன், எனக்குத் தீங்கிழைத்தவரை மன்னிப்பேன், நாள்தோறும் இரண்டு மணி நேரமேனும் பொதுப்பணி செய்வேன் என்று ஒவ்வொரு தொண்டரும் ஆணையிட்டனர். படையணி போலவே பிரிவுகளும் பதவிகளும் அணிவகுப்பும் முரசும் இருந்தன. ஆயுதம் மட்டும் இல்லை. வெள்ளைச் சட்டை விரைவில் அழுக்கேறியதால், தோல் பதனிடும் இடத்தில் கிடைத்த பைன் மரப்பட்டைச் சாயத்தில் தோய்த்தெடுத்தனர். செங்கல் நிறம் வந்தது. உலகம் பின்னர் அஞ்சியும் வியந்தும் பேசிய செஞ்சட்டையின் பிறப்பு இவ்வளவே!

இந்த அகிம்சையை அவர் எங்கிருந்து பெற்றார்? காந்தியடிகளிடம் அவர் கொண்டிருந்த அன்பு அளவிடற்கரியது. எனினும், தம் மக்களிடம் பேசும்போது அவர் எடுத்துக்காட்டியது அண்ணல் நபிகளாரின் (ஸல்) மக்கா வாழ்வையே. பதின்மூன்று ஆண்டுகள் கல்லடியும் சொல்லடியும் பட்டபோது பெருமானாரும் தோழர்களும் ஏந்தியிருந்த படைக்கலம் 'ஸப்ர்' என்னும் பொறுமை. அதனை முஸ்லிம்களாகிய நாமே மறந்துவிட்டோம் என்பதே அவர் சொன்னதன் சாரம். அஞ்சி அடங்கியிருத்தலுக்கு அவர் பொறுமை என்று பெயரிடவில்லை. இடம் பெயராமல் நின்று, திருப்பியடிக்காமல், தலையும் குனியாமல் இருத்தலையே அப்பெயரால் குறித்தார்.

அப்பொறுமை 1930ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் தேர்வுக்கு உள்ளாயிற்று. இராஜாஜியின் தலைமையில் திருச்சியிலிருந்து புறப்பட்ட தொண்டர்கள் வேதாரணியம் நோக்கி நடந்துகொண்டிருந்த அதே நாட்களில், அதே உப்பு அறப்போரின் பகுதியாகப் பெஷாவரிலும் மக்கள் எழுந்தனர். கான் கைதானார். தலைவர்கள் சிறைப்பட்ட செய்தி கேட்டுக் 'கிஸ்ஸா கவானி' கடைவீதியில் மக்கள் திரண்டனர். 'கதைசொல்வோர் கடைவீதி' என்பது அப்பெயரின் பொருள். கவச வண்டிகள் கூட்டத்தினுள் பாய்ந்தன; அவற்றுள் ஒன்று எரிந்தது. பின்னர்த் துப்பாக்கிகள் முழங்கின. முன்வரிசையினர் வீழ, பின்வரிசையினர் முன்வந்து நின்றனர். இறந்தோர் முப்பதின்மரை ஒட்டியவர் என்றது அரசு. இருநூற்றுக்கும் மேற்பட்டோர் என்றனர் மக்கள். கார்வால் படைப்பிரிவின் வீரர்களுக்குச் சுட ஆணையிட்டபோது சந்திர சிங் கார்வாலியும் அவர்தம் தோழர்களும் மறுத்தனர். எதிரே நின்றோர் முஸ்லிம்கள். சுட மறுத்த வீரர்கள் இந்துக்கள். அம்மறுப்புக்காக அவர்கள் நெடுஞ்சிறை ஏற்றனர். விடுதலை வரலாற்றில் இதனினும் உயர்ந்த பக்கம் எத்தனை உண்டு என்பது ஐயமே.

கானுக்கு அகிம்சை அரசியல் உத்தியன்று என்பதற்கு 1940ஆம் ஆண்டு நிகழ்ச்சி சான்று. விடுதலை உறுதியளிக்கப்பட்டால் உலகப் போரில் ஆங்கிலேயருக்குத் துணைநிற்கலாம் என்று காங்கிரஸ் தீர்மானித்தபோது, அவர் செயற்குழுவிலிருந்து விலகினார்.

பிரிவினைக் காலத்தில் நிகழ்ந்தவற்றை வருத்தமின்றி எழுத இயலவில்லை. பிரிவினையை அவர் இறுதிவரை எதிர்த்தார். காங்கிரஸ் அதற்கு இசைந்தபோது தம் மக்கள் கைவிடப்பட்டதாக உணர்ந்தார். அவ்வுணர்வு நியாயமானதே என்பது என் கருத்து. 1947 சூலையில் நடந்த பொதுவாக்கெடுப்பை அவருடைய இயக்கம் புறக்கணித்தது. 1948ஆம் ஆண்டு பிப்ரவரியில் பாகிஸ்தானின் அரசியல் நிர்ணய சபையில் விசுவாச உறுதிமொழி எடுத்தார். சூன் மாதமே சிறைப்பட்டார். ஆகஸ்டு 12ஆம் நாள் சார்சத்தாவின் பாப்ராவில் ஆயுதமற்ற தொண்டர் பலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். இயக்கம் தடைசெய்யப்பட்டது. ஆங்கிலேயர் சிறையில் கழித்த காலத்திற்கு ஏறத்தாழ நிகரான காலத்தைத் தம் சொந்த நாட்டின் சிறைகளில் அவர் கழித்தார்.

ஆகவே அவர் தோற்றவர் என்போர் உளர். நாடும் அதிகாரமும் கிட்டவில்லை என்ற அளவில் அது மெய். ஆனால் இத்தனைக்குப் பின்னும் பழிவாங்கலை விட்டோம் என்ற ஆணையை அவர் திரும்பப் பெறவில்லை. பதல் நிலவிய மண்ணில் பாப்ராவுக்குப் பின்னும் மாற்றிச் சொல்லவில்லை. வெற்றியில் கொள்கை பேசுவோர் பலர். இழப்பின் நடுவே அதனைக் காத்தவரை வேறு எந்த அளவுகோலால் அளப்பது?

காந்தியடிகளின் நூற்றாண்டையொட்டி 1969ஆம் ஆண்டு அவர் தில்லி வந்தபோது, வரவேற்கக் காத்திருந்தோர் நடுவே தம் துணிமூட்டையைத் தாமே சுமந்து இறங்கினார். அப்பொழுதுதான் அகமதாபாத்தில் பெருங்கலவரம் நிகழ்ந்திருந்தது. விருந்தினராக வந்தவர் மூன்று நாள் உண்ணாநோன்பு இருந்தார், அந்நகருக்கும் சென்றார். காந்தியின் பெயரைப் போற்றி அவர் வழியை மறந்துவிட்டீர்கள் என்று இந்தியரை முகத்துக்கு நேராகக் கடிந்துகொண்டார். 1987ஆம் ஆண்டு பாரத ரத்னா விருது அவருக்கு வழங்கப்பட்டது. இந்தியக் குடிமகனல்லாத ஒருவர் அதனைப் பெற்றது அதுவே முதன்முறை.

1988 சனவரி 20இல் பெஷாவரில் அவர் காலமானார். விருப்பப்படியே ஆப்கானிஸ்தானின் ஜலாலாபாத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அங்கே போர் நடந்துகொண்டிருந்த காலம் அது; அவர் அடக்கத்திற்காகப் போர் நிறுத்தப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் கைபர் கணவாயைக் கடந்து சென்றனர். எனினும் அன்று அங்குக் குண்டுகள் வெடித்துச் சிலர் மாண்டனர்.

பள்ளிகளால் தொடங்கியவரின் பெயரில் 2012ஆம் ஆண்டு சார்சத்தாவில் பாச்சா கான் பல்கலைக்கழகம் எழுந்தது. 2016ஆம் ஆண்டு சனவரி 20ஆம் நாள், அவர் மறைந்த அதே தேதியில், ஆயுததாரிகள் அதனுள் புகுந்து மாணவரும் ஆசிரியருமாக ஏறத்தாழ இருபதின்மரைக் கொன்றனர். அவர் நினைவைப் போற்றும் கவியரங்கம் ஒன்று அன்று அங்கே ஏற்பாடாகியிருந்தது. இரண்டாண்டுகள் கழித்து, 2018ஆம் ஆண்டு, பட்டாணிய இளைஞர்கள் நீதி கேட்டு தேரா இஸ்மாயில் கானிலிருந்து இஸ்லாமாபாத்துக்குச் சென்றனர். கைகளில் துப்பாக்கி இல்லை.