புகையை விட்டதும் மாத்திரை வீரியம் கூடுவது ஏன்?

பெங்களூரு காக்ஸ் டவுன் மார்க்கெட் பக்கம் காண்டிமென்ட்ஸ் கடைகளின் முன்னால் காலையில் நிற்கும் கூட்டத்துக்கு இரண்டே தேவைதான்: பை-டூ காபி, ஒரு லூஸ் சிகரெட். நூலில் கட்டித் தொங்கவிட்ட லைட்டரை இழுத்துப் பற்றவைத்துக்கொண்டு, ஒரு கையில் குட்டித் தம்ளர், மறு கையில் தம் என்று நிற்பார்கள். ருசிக்காகச் சேர்ந்த ஜோடி என்றுதான் நினைப்போம். உடம்புக்குள்ளேயும் இவை இரண்டுக்கும் ஒரு கணக்கு ஓடுகிறது. மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிற ஒருவர் புகையை விட நினைத்தால், அவருக்கு அந்தக் கணக்கு தெரிந்திருப்பது நல்லது.

காபியிலுள்ள கஃபீனை உடைத்து வெளியேற்றும் வேலை கல்லீரலில் இருக்கும் ஒரு நொதியுடையது. பெயர் சி.ஒய்.பி.1ஏ2. புகையிலை எரியும்போது தாரோடு சேர்ந்து வரும் பல வளைய ஹைட்ரோகார்பன்கள் கல்லீரல் செல்லுக்குள் புகுந்து, இந்த நொதியை வழக்கத்தைவிட அதிகமாகத் தயாரிக்க வைக்கின்றன. அதனால் புகைப்பவர் உடம்பில் கஃபீன் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் கரைந்துபோகிறது. நாலு காபி குடித்தும் ‘ஒன்றுமே ஏறலியே’ என்று ஐந்தாவதைக் கேட்கிறவர்களில் பலர் புகைப்பவர்களாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். சிகரெட்டை நிறுத்தியதும் கூடுதல் நொதி சில நாட்களில் குறைந்துவிடும். காபியின் எண்ணிக்கை மட்டும் குறைவதில்லை. கை நடுக்கம், படபடப்பு, இரவெல்லாம் விழிப்பு. ‘தம்மை விட்டதால்தான் இப்படி’ என்று ஆள் மறுபடி கடைக்குப் போய்விடுவார். பாதிக் குற்றம் காபியுடையது என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மனச்சிதைவு நோய்க்குத் தரப்படும் க்ளோசபின், ஓலன்சபின் ஆகிய மருந்துகளை உடைப்பதிலும் இதே நொதிக்குத்தான் முக்கியப் பங்கு. மாடித் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் ஒரே அளவில் தண்ணீர் ஏற்றுகிறது. கீழே திறந்திருக்கும் குழாயைப் பாதி மூடினால் மட்டம் தானாக ஏறும். தினமும் விழுங்கும் மாத்திரையின் அளவு மாறவில்லை. ஆனால் புகையை நிறுத்திய ஒரு வாரத்துக்குள் இரத்தத்தில் க்ளோசபினின் அளவு ஒன்றரை மடங்காகலாம், சிலருக்கு அதற்கு மேலும் போகும். பகலெல்லாம் தூக்கம், தலையணை நனையும்படி எச்சில், கடும் மலச்சிக்கல், நிற்கும்போது தள்ளாட்டம்; அளவு மிக அதிகமானால் வலிப்புகூட வரலாம். வீட்டில் இருப்பவர்களுக்கு இது நோய் திரும்புவதுபோலத் தெரியும். புகையை நிறுத்திய நல்ல காரியத்துக்கும் இதற்கும் முடிச்சுப் போட யாருக்கும் தோன்றாது.

எதிர்த்திசையிலும் இது நடக்கும். வார்டில் புகைக்க அனுமதி கிடையாது. அங்கே இருக்கும் வாரங்களில் மருந்தின் அளவைச் சரிபார்த்து, நோயாளி தெளிவான பிறகு வீட்டுக்கு அனுப்புகிறார்கள். ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டியதும் முதல் வேலையாக ஒரு சிகரெட். பத்து நாளில் நொதி பழைய வேகத்துக்கு வந்துவிடும், மருந்தின் மட்டம் இறங்கும், அடங்கியிருந்த குரல்கள் மறுபடி கேட்கத் தொடங்கலாம். ‘மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடவில்லை’ என்று திட்டு வாங்குவார், அவர் ஒருவேளைகூடத் தவறவிட்டிருக்க மாட்டார்.

எனக்கு வியப்பாக இருப்பது, இதில் நிகோடினுக்குப் பங்கே இல்லை என்பதுதான். ஆளை அடிமையாக்குவது நிகோடின். மருந்தின் மட்டத்தை மாற்றுவது எரிந்த இலையின் புகை. ஆகவே பீடியும் சிகரெட்டும் இந்த விஷயத்தில் ஒன்றுதான். வாயில் அடக்கும் புகையிலை இந்த நொதியைத் தொடுவதில்லை (வாய்ப்புற்றுநோய் தரும் என்பது வேறு கதை). நிகோடின் சூயிங்கமும் ஒட்டுப்பட்டையும் அதைத் தூண்டுவதில்லை. அதாவது, சிகரெட்டை விட்டுச் சூயிங்கத்துக்கு மாறுகிறவருக்கும் மருந்தின் மட்டம் ஏறத்தான் செய்யும். இன்னொன்று: நொதியை முழு வேகத்தில் ஓடவைக்க ஒரு நாளைக்கு 7 முதல் 12 சிகரெட் போதும் என்கிறார்கள். இருபதிலிருந்து பன்னிரண்டுக்குக் குறைத்தவரின் இரத்தத்தில் பெரிய மாற்றம் தெரியாது. கடைசிச் சில சிகரெட்டுகளை விடும்போதுதான் மட்டம் திடுமென்று ஏறும்.

எல்லா மாத்திரைக்கும் இந்தப் பயம் வேண்டாம். ரிஸ்பெரிடோன் இதில் பெரிதாக மாறுவதில்லை. மனச்சோர்வுக்கான ஃப்ளுவோக்ஸமின், டுலாக்செட்டின் போன்றவை மாறும்.

சரி, மனநோய் உள்ளவர்கள் ஏன் இவ்வளவு புகைக்கிறார்கள்? அமெரிக்காவில் ராபர்ட் ஃப்ரீட்மேன் குழு ஓர் அழகான சோதனை செய்தது. அரை நொடி இடைவெளியில் இரண்டு ‘டிக்’ சத்தம். சாதாரண மூளை இரண்டாவதைக் கேட்டு அலட்டிக்கொள்ளாது. மனச்சிதைவு நோயுள்ளவரின் மூளை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரேபோலத் துள்ளும். உலகத்தின் இரைச்சலை வடிகட்டும் வேலையில் பழுது. புகைத்தவுடன் சற்று நேரம் அந்த வடிகட்டி சரியாகிறது என்று 1993-ல் எழுதினார்கள். இதைப் பிடித்துக்கொண்டு ‘அவர்களுக்கு அது மருந்து, விட்டுவிடுங்கள்’ என்று பேசுகிறவர்கள் இன்றும் உண்டு. அந்தச் சற்று நேரம் சில நிமிடங்கள்தான் என்பதை அவர்கள் சொல்வதில்லை. சிகரெட் கம்பெனிகளின் உள் ஆவணங்களைப் படித்த ஜூடித் ப்ரோச்சாஸ்கா குழு, இந்த ‘சுயமருத்துவ’ வாதத்துக்கான ஆராய்ச்சிகளுக்கு அந்தக் கம்பெனிகளே பணம் கொடுத்ததை 2008-ல் வெளியே கொண்டுவந்தது. கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிடப் பத்து முதல் இருபது வருடம் முன்னதாகச் சாகிறார்கள். அதில் பெரும்பங்கு இதயமும் நுரையீரலும் சம்பந்தப்பட்டது. சும்மா விட்டுவிடச் சொல்வது கருணை என்று எனக்குத் தோன்றவில்லை.

‘டென்ஷனுக்கு ஒரு தம்’ என்பதிலும் ஒரு சுழல் இருக்கிறது. இழுத்த பத்திருபது நொடிக்குள் நிகோடின் மூளைக்குப் போய்விடும்; சுமார் இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறையும். குறையக் குறைய எரிச்சலும் பதற்றமும் வரும். அடுத்த சிகரெட் தணிப்பது பெரும்பாலும் முந்தைய சிகரெட் மூட்டிய டென்ஷனைத்தான். 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு கட்டுரை 2014-ல் பி.எம்.ஜே. இதழில் வந்தது: புகையை விட்டவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் குறைந்திருந்தன, மனநோய் உள்ளவர்களிடமும்கூட. முதல் இரண்டு மூன்று வாரம் மட்டும் உலகமே எதிரியாகத் தெரியும், அதை மறைக்க வேண்டியதில்லை.

உதவி மாத்திரைகளும் உண்டு. வாரெனிக்ளின் மனநோயைக் கிளறிவிடும் என்று பல வருடம் எச்சரிக்கை அச்சிட்டிருந்தார்கள். எட்டாயிரத்துச் சொச்சம் பேரிடம், அவர்களில் பாதிப் பேர் மனநோய் உள்ளவர்கள், நடந்த ‘ஈகிள்ஸ்’ ஆய்வு 2016-ல் வெளிவந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிடக் குறிப்பிடத்தக்க கூடுதல் தொல்லை இல்லை. புகையை விட்டவர்கள் அதிகம் இருந்ததும் வாரெனிக்ளின் பிரிவில்தான். அந்த வருடக் கடைசியிலேயே அமெரிக்க மருந்து நிர்வாகம் கறுப்புக் கட்ட எச்சரிக்கையை எடுத்துவிட்டது. நிகோடின் சூயிங்கம் சுலபமாகக் கிடைக்கும். ஆனால் சாதா சூயிங்கம்போல அரைக்கக் கூடாது. மிளகுக் காரம் தெரியும்வரை மென்று, பிறகு கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிவைக்க வேண்டும். மெல்லுவதற்கு முன் கால் மணி நேரம் காபி ஆகாது. வாயில் புளிப்பு இருந்தால் நிகோடின் சரியாக உறிஞ்சப்படாது.

காக்ஸ் டவுனுக்குப் புகையிலை அந்நியமல்ல. ஊரை ஒட்டிய பானஸ்வாடி மெயின் ரோட்டில் இம்பீரியல் டொபாக்கோவின் சிகரெட் ஆலை நூறாண்டுக்கு முன்பே வந்துவிட்டது. அங்கே இன்று ஐ.டி.சி. இன்ஃபோடெக். பெங்களூரின் இன்னொரு பக்கம், ஓசூர் ரோட்டில், நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை. 2002-ல் நாட்டில் முதன்முதலாகத் தொடங்கிய பதின்மூன்று புகையிலை மீட்பு மையங்களில் ஒன்று அங்கே. சென்னை அடையாறு புற்றுநோய் மையத்தில் இன்னொன்று. 1800-11-2356 என்ற இலவச எண்ணை அழைத்தால் ஆலோசகர் தமிழிலும் பேசுவார். மனநல உதவிக்கு 14416.

க்ளோசபின், ஓலன்சபின் சாப்பிடுகிறவர் யாருக்கும் சொல்லாமல் ஒரு திங்கட்கிழமை நிறுத்திவிட்டு வீட்டாரை அசத்த நினைக்கக் கூடாது. மாத்திரையைத் தானாகக் குறைக்கவும் கூடாது. நிறுத்தப்போகும் தேதியை முன்கூட்டியே டாக்டரிடம் சொன்னால், அந்த முதல் வாரத்தில் அளவைப் படிப்படியாகக் குறைப்பார், வேண்டுமானால் இரத்தத்தில் மருந்தின் மட்டத்தையும் பார்ப்பார். இரண்டு மாதம் கழித்து மறுபடி பற்றவைத்துவிட்டால் அதையும் போய்ச் சொல்ல வேண்டும். வெட்கப்பட்டு மறைத்தால், குறைத்த மாத்திரை அப்படியே தொடரும், அது அவருக்குப் போதாமல் போகும்.