தீவுக்குப் புறப்படுமுன் உட்கார்ந்து கணக்குப் பாருங்கள்

பிழைப்பைத் தேடிப் பழவங்காடியில் குடியேறிய நீங்கள், கோடை விடுமுறையில் பிள்ளைகளை இலட்சத்தீவுக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறீர்களா? நல்லதே. நுழைவு அனுமதியின்றி அங்கே இறங்க இயலாது, முன்னதாகவே விண்ணப்பியுங்கள். அருகிலுள்ள தம்பானூரில் இரயிலேறி எர்ணாகுளம் சென்று, கொச்சியில் கப்பலேறலாம். ஜூன் பிறந்தால் பருவமழையில் கடல் கொந்தளிக்கும், அதற்குள் திரும்பிவிடுங்கள்.

காலம் தப்பிய கடற்பயணத்தைக் குறித்துப் பவுல் எச்சரித்தார். நூற்றுக்கு அதிபதியோ மாலுமியையே நம்பினான். தேவகிருபையால் 276 பேரும் மெலித்தா தீவில் கரையேறினார்கள்; கப்பலோ உடைந்தது (அப். 27).

கடன் வாங்கிச் செல்லாதிருங்கள். கோபுரம் கட்டுகிறவன் முதலில் செலவைக் கணக்கிடுவான் என்று ஆண்டவர் போதித்தாரே (லூக். 14:28). இவ்வாண்டு பணம் போதாதெனில், சங்குமுகம் கடற்கரையில் குடும்பமாய் அமர்ந்து துதித்து மகிழுங்கள். அடுத்த ஆண்டுக்காக இன்றே சிறுகச் சேமியுங்கள்.