கித்துல்கலப் பள்ளத்தாக்கும் உழைப்பின் சுவடுகளும்

இயற்கையை மனித உழைப்பினின்றும் பிரித்து நோக்கும் மனப்பாங்கு நகர்ப்புற மத்தியதர வர்க்கத்தினரிடையே ஆழ வேரூன்றியுள்ளது. காட்டையும் ஆற்றையும் நாடிச் செல்லும் உல்லாசப் பயணி, அங்கு மனிதக் கைபடாத இயற்கையைக் காணவே விழைகின்றான். இந்நோக்கு எத்துணைப் பொருத்தமானது என்பதைக் கேகாலை மாவட்டத்துக் கித்துல்கலப் பிரதேசத்தைக் கொண்டு நாம் ஆராயலாம்.

மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவிலே, களனி கங்கை பாறைகளை அரித்தவாறு மழைக்காடு செறிந்த பள்ளத்தாக்கினூடாகப் பாய்கின்றது. படகில் ஆற்றைக் கடப்போர் மாகந்தாவ ஒதுக்குக்காட்டினுள் நடந்து செல்லலாம். மலைச்சரிவில் ஏறுவோர் பெலிலென என்னும் குகையை அடைவர். இது சுண்ணக்கல் கரைந்து உருவான ஆழ்குகையன்று. உருமாறிய கடும்பாறையின் அடிப்பாகம் காலப்போக்கிற் சிதைந்துபோக, மேற்பாகம் கூரைபோல் நீண்டு நிற்கின்றது. மழைக்கு மறைவும் பகலொளியும் ஒருங்கே வாய்த்தமையால், மனிதர் வாழ்வதற்கு அது ஏற்ற இடமாயிற்று.

1970களின் இறுதியில் சிரான் தெரணியகல இங்கு அகழாய்வைத் தொடங்கினார். மனித எலும்புகளும், கேத்திரகணித வடிவில் அமைந்த நுண்கற்கருவிகளும், உணவாகக் கொள்ளப்பட்ட காட்டு விதைகள், நத்தைகள், சிறு விலங்குகள் ஆகியவற்றின் எச்சங்களும் கிடைத்தன. கடற்கரையிலிருந்து உப்புக் கொணரப்பட்டமைக்கான சான்றும் சுட்டிக்காட்டப்பட்டுள்ளது. ஏறத்தாழ 30,000 ஆண்டுகளுக்கு முன்னரே மனிதர் இக்காட்டில் வாழ்ந்தனர். விவசாயத்தின் துணையின்றி மழைக்காட்டில் நிலைத்து வாழ்தல் அரிது என ஒருகாலத்தில் அறிஞர் சிலர் கொண்டிருந்த கருத்தை இச்சான்றுகள் தகர்த்தன. காட்டை வாழ்புலமாக்கியது கருவியும் கூட்டுழைப்புமே என்பது மனங்கொள்ளத்தக்கது.

எனினும், வருவோரிற் பலர் தேடுவது வேறொன்று. 1957இல் வெளிவந்த 'குவாய் நதிப் பாலம்' திரைப்படத்துக்காக இவ்வாற்றின்மீது பாலமொன்று கட்டித் தகர்க்கப்பட்டது. அவ்விடத்தையே அவர்கள் காண விரும்புகின்றனர். படத்தின் கதைக்களமான சயாம்–பர்மா இரயில்பாதை 1942–43இல் யப்பானியரால் அமைக்கப்பட்டது. அங்கு மடிந்த ஆசியத் தொழிலாளர் தொகை நேசநாட்டுப் போர்க்கைதிகளின் தொகையிலும் பன்மடங்கு அதிகமாகும். அவர்களுள் மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பெருந்தொகையினர். ஆயின், பிரித்தானிய அதிகாரி ஒருவரின் பெருமித உணர்வை மையமாகக் கொண்ட அத்திரைக்கதையில் அவர்களுக்கு இடமில்லை. அப்படம் எடுக்கப்பட்ட கித்துல்கலவைச் சூழ்ந்துள்ளனவும் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களே என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

ஆதி வேட்டுவனும் தோட்டத் தொழிலாளியும் பார்வையிலிருந்து அகற்றப்பட்ட பின்னரே 'தூய இயற்கை' என்னும் தோற்றம் உருவாகின்றது. ஆகவே, இப்பள்ளத்தாக்கில் நடப்போர் அதன் வனப்போடு, அங்கு படிந்துள்ள உழைப்பின் வரலாற்றையும் கற்றறிதல் வேண்டும். அத்தகைய நடையே இயற்கையை முழுமையாக அறிவதற்கு வழிகோலும்.