நீருக்கடியில் மூச்சு

வயது வந்தபின் கடலுக்குள் மூழ்கப் பழக இயலுமா? இயலும், ஆனால் முதலில் ஒரு பழக்கத்தை மறக்க வேண்டும். மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்கள் மூச்சை அடக்கியே மூழ்கினார்கள். குளத்தில் நாமும் அப்படித்தான். 1943-இல் பிரான்சு நாட்டில் கூஸ்தோவும் காஞானும் உருவாக்கிய சுவாசக் கருவியை அணிந்தவரோ மூச்சை அடக்கவே கூடாது.

ஏன்? பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே உள்ளதைப்போல் இரு மடங்கு. கருவியும் அதே அழுத்தத்தில் காற்றைத் தருகிறது. அதை நெஞ்சு நிறைய அடக்கிக்கொண்டு மேலேறினால், பௌதிக வகுப்பில் நாம் படித்த பாயில் விதிப்படி அது இரு மடங்காக விரியப் பார்க்கும். நுரையீரல் கிழிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஆனால் அச்சம் வந்தால் மூச்சைப் பிடிப்பதுதானே நம் இயல்பு! ஆகவேதான் முதற்பாடம் ஆழமற்ற நீச்சல் குளத்தில். காது அடைத்தால் மூக்கைப் பிடித்து மெல்ல ஊதவும் அங்கேயே பழகுகிறார்கள். மேலேறும்போது, தாம் விட்ட சிறு குமிழிகளை முந்தக் கூடாது.