எழுத்து ஓர் உபதொழில்



சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப் பாதையில், பட்டாபிராமுக்கும் திருநின்றவூருக்கும் இடையே நெமிலிச்சேரி என்றொரு சிறு நிலையம் உண்டு. தலைமையாசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் நான் அவ்வூரிலேயே வசித்து வருகிறேன். ஒரு நாள் மாலை, அம்பத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த வண்டியினின்று இறங்கிய ஒருவர் என்னைக் கண்டு கைகூப்பி நின்றார். என்னிடம் பயின்றவர், வயது நாற்பத்திரண்டு, அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் உள்ள ஓர் ஆலையில் பொருத்துநர். இரண்டு பெண்களைப் படிக்க வைத்துக் கொண்டிருப்பவர்.

“ஐயா, இயந்திரங்களைப் பற்றித் தமிழில் எழுதி வருகிறேன். படித்தவர்கள் நன்றாயிருக்கிறது என்கிறார்கள். வேலையை விட்டுவிட்டு இதையே தொழிலாக வைத்துக்கொள்ளலாமென்று எண்ணுகிறேன். தாங்கள் என்ன சொல்லுகிறீர்கள்?” என்று கேட்டார்.

உடனே விடையளிக்க எனக்கு நா எழவில்லை. ஒரு குடும்பத்தின் சோறு அவ்விடையில் அடங்கியிருந்தது. ஒரு வாரம் பொறுத்து வாரும் என்று அனுப்பிவிட்டு, நான் எண்ணிப் பார்த்தவற்றையே இன்று உங்களுக்கும் கூற விரும்புகிறேன். நாளை நீங்களும் ஏதேனும் ஒரு பணியில் அமர்வீர்கள். நடுவயதில் உங்களுக்கும் இந்த ஆசை பிறக்கலாம்.

முதலில், இவ்வழியில் முன் சென்றோரைப் பார்ப்போம். டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1880 ஆம் ஆண்டில் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார். அவ்வாண்டிலேயே சேலம் இராமசுவாமி முதலியாரின் தூண்டுதலால் சீவக சிந்தாமணியை ஆராயத் தலைப்பட்டார். அந்நூல் அச்சாகி வெளிவந்ததோ 1887 ஆம் ஆண்டில். ஏழாண்டு உழைப்பு! பகலில் வகுப்பு, மற்ற நேரத்தில் ஏட்டுச் சுவடி, விடுமுறை வந்தால் சென்னைக்குச் சென்று அச்சுப்பிழை திருத்தும் வேலை. அதன்பின் 1889 இல் பத்துப்பாட்டு, 1892 இல் சிலப்பதிகாரம், 1894 இல் புறநானூறு, 1898 இல் மணிமேகலை என்று பதிப்புக்கள் தொடர்ந்தன. இத்தனைக்கும் அவர் கல்லூரிப் பணியைத் துறக்கவில்லை. 1919 ஆம் ஆண்டில் ஓய்வு பெறும்வரை ஆசிரியராகவே இருந்தார்.

இரண்டாமவர் அ. மாதவையா. 1872 ஆம் ஆண்டு நெல்லைச் சீமையிலுள்ள பெருங்குளத்தில் பிறந்தவர். அரசாங்க உப்பு இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர். அந்த உத்தியோகத்தின் நடுவேதான் 1898 இல் ‘பத்மாவதி சரித்திரம்’, 1903 இல் ‘முத்துமீனாட்சி’, 1915 இல் ஆங்கிலத்தில் ‘கிளாரிந்தா’ ஆகிய நாவல்களை வெளியிட்டார். 1922 ஆம் ஆண்டில், ஐம்பதாவது வயதில், பணியிலிருந்து விலகி, 1924 இல் ‘பஞ்சாமிர்தம்’ என்னும் மாத இதழைத் தொடங்கினார். 1925 ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், சென்னைப் பல்கலைக்கழகப் பேரவையில் தமிழுக்காகப் பேசி அமர்ந்தவர், அவ்விடத்திலேயே உயிர் நீத்தார். இதழும் அதன்பின் நெடுநாள் நிலைக்கவில்லை. இங்கே கவனிக்க வேண்டுவது ஒன்று: அவர் வேலையை விட்டது எழுதத் தொடங்குவதற்காக அன்று, கால் நூற்றாண்டுக்கு மேல் எழுதிப் பழகிய பின்னரே விட்டார்.

மேலைநாட்டிலும் இவ்வாறே. ஆந்தனி டிராலப் என்னும் ஆங்கில நாவலாசிரியர் அஞ்சல் இலாகாவில் 1834 முதல் 1867 வரை பணியாற்றியவர். விடியற்காலை ஐந்தரை மணிக்கு எழுதும் மேசையில் அமர்ந்துவிடுவார். தம்மை எழுப்புவதற்கென்றே ஒரு வேலைக்காரருக்குத் தனி ஊதியம் கொடுத்து வந்தார். கடிகாரத்தை முன்னே வைத்து, கால் மணிக்கு 250 சொற்கள் என்று கணக்கிட்டு எழுதியவர் அவர். எழுத்தின் வருவாய் நன்கு உறுதிப்பட்ட பின்னரே பணியை விட்டு விலகினார்.

இனி, நம்மவர்க்குரிய கணக்குகளைப் பார்ப்போம்.

முதற் கணக்கு காலக் கணக்கு. ஒரு வாரத்திற்கு 168 மணி. நாளொன்றுக்கு எட்டு மணியாக ஆறு நாள் வேலைக்கு 48 மணி, போக்குவரத்துக்கு 12, உறக்கத்திற்கு 49, குளியல், உணவு முதலியவற்றிற்கு 21, வீட்டுக் கடமைகளுக்கு 21. கூட்டினால் 151 ஆகிறது. மீதம் 17 மணி. நோயும் விருந்தும் திருவிழாவும் இதில் பாதியைக் கொண்டு போய்விடும். நாளொன்றுக்கு ஒரு மணி நிற்கும் என்று வைத்துக்கொள்வோம். ஏழு மணியில் ஒரு நல்ல கட்டுரை எழுதலாமெனில், ஆண்டுக்கு ஐம்பத்திரண்டு கட்டுரைகள் ஆயின. இது சிறிய சேமிப்பா? அன்று. ஆனால் அந்த ஒரு மணியை உறக்கத்திலிருந்து எடுத்தால் உடல் கெடும். வேலையிலிருந்து எடுத்தால் நாணயம் கெடும்.

இரண்டாவது பணக் கணக்கு. உதாரணத்திற்கு, ஒரு சிறு நூலை 500 பிரதிகள் அச்சிடப் பிரதிக்கு 60 ரூபாய் வீதம் 30,000 ரூபாய் செலவாகிறது என்று கொள்வோம். விலை 100 ரூபாய். கடைக்காரருக்கு நூற்றுக்கு 35 கழிவு போக, நம் கைக்கு வருவது 65. போட்ட முதல் திரும்புவதற்கே 462 பிரதிகள் விற்றாக வேண்டும். நானூறு பிரதிகள் விற்றால், வெற்றி என்று நண்பர்கள் பாராட்டுவார்கள். நமக்கோ 4,000 ரூபாய் நட்டம். ஆனால் அச்சிடுமுன்பே 200 பேர் முழு விலையும் கொடுத்து முன்பதிவு செய்தால் 20,000 ரூபாய் கைக்கு வந்துவிடுகிறது. பிறகு கடை மூலம் 154 பிரதிகள் விற்றாலே முதல் தேறும். சாமிநாதையர் காலத்தில் கையொப்பம் வாங்குதல் என்ற முறை வழங்கியதன் பொருள் இதுதான். வாசகரை முதலில் தேடு; அச்சகத்தைப் பிறகு தேடு என்பதே அதன் சாரம்.

மூன்றாவது, சட்டம் பற்றியது. மத்திய அரசு ஊழியர்க்குரிய 1964 ஆம் ஆண்டு நடத்தை விதிகள், முன் அனுமதியின்றித் தனி வியாபாரம் செய்வதைத் தடுக்கின்றன. ஆயினும் இலக்கியம், கலை, அறிவியல் சார்ந்த வேலையை அவ்வப்போது செய்துகொள்ள இடம் தருகின்றன, உத்தியோகக் கடமைக்கு ஊறு நேராமல் இருக்கவேண்டும் என்னும் நிபந்தனையோடு. தனியார் ஆலையில் இருப்போர் தம் நியமனக் கடிதத்தை ஒருமுறை ஊன்றிப் படித்தல் வேண்டும். மேலும், 1957 ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, வேலையின் பகுதியாக ஒருவர் எழுதியதன் உரிமை, மாறான ஒப்பந்தம் இல்லாதவரை, முதலாளியையே சாரும். ஆகவே ஆலைக்காக வரைந்த படத்தையோ குறிப்பையோ தம் நூலில் சேர்த்தல் தகாது. இயந்திரத்தைப் பற்றிய பொது அறிவை எழுதலாம். ஆலையின் இரகசியத்தை எழுதலாகாது.

இவ்வளவும் சொல்லும் நான், இவற்றைப் புத்தகத்திலிருந்து மட்டும் கற்றேனல்லேன். என் நாற்பத்தொன்றாம் வயதில், முறைப்படி அனுமதி பெற்று, சிறுவர்களுக்கென ஒரு மாத இதழ் தொடங்கினேன். மூன்று இதழ்கள் வெளிவந்தன. நான்காவதற்கு அச்சுப்பிழை திருத்திக்கொண்டிருந்தபோது, எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் தயங்கித் தயங்கி வந்து, “ஐயா, எங்கள் கட்டுரை நோட்டுக்களைக் கொடுத்து மூன்று வாரம் ஆயிற்று” என்றான். அந்த நோட்டுக்கள் என் அலமாரியில் திருத்தப்படாமல் கிடந்தன. ஊரார் பிள்ளைகளுக்கு அறிவு புகட்டப் புறப்பட்டவன், எனக்கென்று ஒப்படைக்கப்பட்ட பிள்ளைகளை மறந்திருந்தேன். இதழை அத்துடன் நிறுத்தினேன். குற்றம் இதழின்மேல் இல்லை. மாதம் ஒன்று என்று என் நேரத்துக்கு மீறி நான் வாக்களித்ததில்தான் இருந்தது. மூன்று மாதத்திற்கு ஒன்றென்று தொடங்கியிருந்தால் ஒருவேளை நிலைத்திருக்கும்.

குறித்த வாரம் என் பழைய மாணவர் வந்தார். இக்கணக்குகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். “வேலையை விடவேண்டா, வேலைதான் உமக்கு விஷயத்தைத் தருகிறது. ஆலைக்கு வெளியே நின்று எழுதுபவருக்கு, தாங்கி உருளை சூடேறும்போது எழும் ஓசை எப்படித் தெரியும்? ஓராண்டு, நாளுக்கு ஒரு மணி எழுதும். இருநூறு பேர் முன்பணம் தரட்டும். அப்போது மறுபடியும் பேசுவோம்” என்றேன்.

அவர் முகம் சற்று வாடியது. “எனக்கு நாற்பத்திரண்டு ஆகிவிட்டதே, ஐயா” என்றார். மாதவையா இதழ் தொடங்கியபோது அவருக்கு ஐம்பது கடந்துவிட்டிருந்தது என்பதை நினைவூட்டினேன். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சென்றார்.

இப்போது அவர் ஞாயிறுதோறும் ஒரு கட்டுரையுடன் வருகிறார். நான் சிவப்பு மையால் திருத்துகிறேன். இதுவரை பதினேழு கட்டுரைகள் சேர்ந்துள்ளன. முன்பணம் தந்தவர் முப்பத்தொரு பேர். இருநூறுக்கு இன்னும் தொலைவு உண்டு. ஆனால் ஆலைக்கு அவர் ஒரு நாளும் தாமதமாகச் சென்றதில்லை. பெண்களின் பள்ளிக் கட்டணமும் தவணை தவறவில்லை. மாணவர்களே, உபதொழில் தொடங்குவோர் முதலில் காட்டவேண்டிய இலாபம் இதுவே என்பது என் கருத்து.