குறி பார்த்துச் சுட ஒரே ஒரு கைத்துப்பாக்கி: வாங்கும் முன் புந்தோங் வாசகர்கள் அறிய வேண்டியவை

புந்தோங்: 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் துருக்கியின் 51 வயது யூசுப் டிகெச், வழக்கமான மூக்குக் கண்ணாடியுடன், ஒரு கையைக் கால்சட்டைப் பையில் விட்டபடி சுட்டு வெள்ளிப் பதக்கம் வென்றார். அதே போட்டியில் இந்தியாவின் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வென்றார். இருவர் கையிலும் இருந்தது 10 மீட்டர் போட்டிக்கான காற்றுக் கைத்துப்பாக்கி. வயதோ உடல் பருமனோ தடையாகாத விளையாட்டு இது என்ற எண்ணம் அதன் பிறகு பலருக்கு வந்திருக்கிறது.

"நாமும் ஒன்று வாங்கிச் சுட்டுப் பார்த்தால் என்ன? குறைந்த செலவில் எது நல்லது?" என்ற கேள்வி இயல்பானதுதான். ஆனால் நம் நாட்டில் இந்தக் கேள்விக்கு முன்னால் இன்னொன்று நிற்கிறது. அதைத் தாண்டாமல் வாங்குபவர் பணத்தை மட்டுமல்ல, வேலையையும் எதிர்காலத்தையும் இழக்க நேரிடும்.

காற்றுத் துப்பாக்கியும் ஆயுதமே

மலேசியாவில் 1960 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், ‘ஆயுதம்’ என்பதன் விளக்கத்திலேயே காற்றுத் துப்பாக்கியையும் காற்றுக் கைத்துப்பாக்கியையும் சேர்த்திருக்கிறது. ஆயுதத்தின் உதிரிப் பாகமும் அதில் அடங்கும். லைசன்ஸ் இல்லாமல் இவற்றை வைத்திருப்பது குற்றம். அச்சட்டத்தின் 8 ஆவது பிரிவின்படி 7 ஆண்டு வரை சிறை, 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

வெடிமருந்தால் சுடும் உண்மைத் துப்பாக்கி என்றால் நிலைமை இன்னும் கடுமை. 1971 ஆம் ஆண்டு சுடும் ஆயுதங்கள் (கூடுதல் தண்டனை) சட்டத்தின் 8 ஆவது பிரிவு, சட்டவிரோதமாக வைத்திருப்பவருக்கு 14 ஆண்டு வரை சிறையும் 6 பிரம்படிகளுக்குக் குறையாத தண்டனையும் விதிக்க வழி செய்கிறது.

சரி, அசல் வேண்டாம், விளையாட்டுச் சாமான் போதும் என்று நினைப்பவர்களும் கவனிக்க வேண்டும். பார்வைக்கு அசல் போல இருக்கும் போலித் துப்பாக்கிக்கும் அதே ஆயுதச் சட்டத்தில் 36 ஆவது பிரிவு இருக்கிறது. அதற்கு 1 ஆண்டு வரை சிறை, 5,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். ஏர்சாஃப்ட், ஜெல் பிளாஸ்டர் என்று இணைய அங்காடிகளில் வரும் பொருள்கள் இளைஞர்களைச் சிக்க வைப்பது இங்கேதான். கைப்பேசியில் விற்பனைக்கு இருக்கிறது, வீட்டு வாசலுக்கே வந்து சேர்கிறது என்பதால் அது சட்டப்படி சரி என்று ஆகிவிடாது.

வெளிநாட்டு வீடியோவை நம்பலாமா?

குழப்பத்துக்கு முக்கியக் காரணம் யூடியூப். இந்தியாவில் 0.177 அங்குல விட்டமும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் கொண்ட காற்றுத் துப்பாக்கிக்கு லைசன்ஸ் தேவையில்லை. இங்கிலாந்திலும் குறைந்த ஆற்றல் கொண்ட காற்றுக் கைத்துப்பாக்கியை பெரியவர்கள் லைசன்ஸ் இல்லாமல் வாங்கலாம். அமெரிக்காவின் மத்தியச் சட்டம் காற்றுத் துப்பாக்கியைச் சுடும் ஆயுதமாகவே கருதுவதில்லை.

சென்னையிலோ டெக்ஸசிலோ இருந்து ஒருவர் "இதற்கு லைசன்ஸ் வேண்டாம்" என்று தமிழில் சொல்வது அவருடைய ஊருக்கு உண்மையாக இருக்கலாம். புந்தோங்கில் அதை நம்பி ஆர்டர் செய்பவருக்கு அந்த வீடியோ நீதிமன்றத்தில் துணைக்கு வராது.

இந்தக் கண்டிப்பு எங்கிருந்து வந்தது?

இந்தக் கண்டிப்பின் வேர் பேராக் மண்ணிலேயே இருக்கிறது. 1948 ஜூன் 16 ஆம் தேதி, ஈப்போவுக்கு வடக்கே சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எல்பில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அனுமதியின்றி ஆயுதம் வைத்திருப்பதற்கு மரண தண்டனை என்ற விதியும் வந்தது.

அந்த விதி தமிழர்களைத் தொட்டது. தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதி, ஒரு கைத்துப்பாக்கியும் 6 குண்டுகளும் வைத்திருந்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு, 1949 மே 4 ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். 1960 ஜூலை 31 இல் அவசரகாலம் முடிந்தது. அதே ஆண்டில் வந்ததுதான் இன்றைய ஆயுதச் சட்டம். கைத்துப்பாக்கி என்றால் போலீஸ் இலேசாக எடுத்துக்கொள்ளாததற்கு இந்த வரலாறு ஒரு காரணம்.

அப்படியானால் சுடவே முடியாதா?

முடியும். இதே நாட்டில்தான் 1998 காமன்வெல்த் போட்டியின் துப்பாக்கி சுடும் பிரிவு லங்காவியில் நடந்தது. 2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் மலேசியாவின் அலியா சஸானா 25 மீட்டர் கைத்துப்பாக்கிப் பிரிவில் வெண்கலம் வென்றார். ஜொனதன் வோங் ஒலிம்பிக்கிலேயே கைத்துப்பாக்கி சுட்டிருக்கிறார். இந்த விளையாட்டுக்கு வழி உண்டு. அந்த வழி கடையில் தொடங்குவதில்லை, கிளப்பில் தொடங்குகிறது.

எனவே, குறைந்த செலவில் முதல் துப்பாக்கி எது என்று கேட்டால், நேர்மையான பதில் இது: கிளப்புக்குச் சொந்தமான துப்பாக்கி. அங்கீகாரம் பெற்ற சுடும் திடலில், பயிற்றுநர் மேற்பார்வையில், திடலின் துப்பாக்கியைச் சுட்டுப் பழகுபவர் சொந்தமாக ஒன்று வாங்க வேண்டியதில்லை, வீட்டில் பூட்டி வைக்கவும் வேண்டியதில்லை. சில மாதம் போன பிறகும் ஆர்வம் குறையவில்லை என்றால் சொந்தத் துப்பாக்கியைப் பற்றி யோசிக்கலாம். ஆர்வம் குறைந்துவிட்டால் நட்டம் மிகச் சிறியது.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் எது?

கிளப் சேர்ந்து, பழகி, லைசன்ஸுக்கு மனுப் போடும் கட்டத்துக்கு வந்தவர் முன்னால் மூன்று வகைகள் இருக்கும்.

முதலாவது, 4.5 மில்லிமீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கி. ஈயக் குண்டு விலை குறைவு, சத்தம் குறைவு, பின்னுதைப்பு கிட்டத்தட்ட இல்லை. 10 மீட்டர் இடம் போதும். போட்டி விதிப்படி இதன் எடை 1,500 கிராமைத் தாண்டக் கூடாது. விசையை இழுக்க குறைந்தது 500 கிராம் பாரம் வேண்டும்.

இரண்டாவது, ‘பாயின்ட் டூ டூ’ என்று சொல்லப்படும் 5.6 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கி. 25 மீட்டர் போட்டிக்கு உரியது. விசைப் பாரம் குறைந்தது 1,000 கிராம். உதைப்பு சிறியது, ஆனால் இது வெடிமருந்துத் துப்பாக்கி. ஒவ்வொரு குண்டுக்கும் செலவு உண்டு, குண்டு வாங்கவும் வைத்திருக்கவும் அனுமதி வேண்டும்.

மூன்றாவது, 9 மில்லிமீட்டர். படங்களில் பார்ப்பது பெரும்பாலும் இதுதான். சத்தமும் உதைப்பும் அதிகம், குண்டுச் செலவும் அதிகம். புதியவர் இதில் தொடங்கினால் வெடிச் சத்தத்துக்குப் பயந்து விசையை வெடுக்கென்று இழுக்கும் பழக்கம் ஒட்டிக்கொள்ளும். பிறகு அதை விடுவது சிரமம்.

பொழுதுபோக்காகக் குறி பார்த்துச் சுட ஒன்றே ஒன்று என்றால், முதல் வகையே பொருத்தம். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். காற்றுக் கைத்துப்பாக்கியின் முன் குறிக்கும் பின் குறிக்கும் இடையே சுமார் 32 சென்டிமீட்டர் இருக்கும். இரண்டும் நேர்கோட்டில் இல்லாமல் 1 மில்லிமீட்டர் விலகினால், 10 மீட்டர் தூரத்தில் குண்டு 3 சென்டிமீட்டர் தள்ளிப் போகும். 10 புள்ளி வட்டத்தின் விட்டமோ வெறும் 11.5 மில்லிமீட்டர். பத்தில் பட வேண்டியது ஏழுக்குப் போய்விடும். இந்தத் தவறைத் திருத்தப் பெரிய துப்பாக்கி உதவாது. மலிவான குண்டில் ஆயிரக்கணக்கில் சுட்டுப் பழகுவதுதான் உதவும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

காற்றை எப்படி அடைக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். ரஷ்யாவின் பைக்கால் இஷ்-46 போன்றவற்றில் ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு முறை கைப்பிடியை இழுத்து அழுத்தினால் போதும். சிலிண்டர் செலவு இல்லை, ஆனால் 60 குண்டு சுட்டால் 60 முறை அழுத்த வேண்டும், கை களைத்துவிடும். ஸ்டெயர், வால்தர், மொரினி போன்றவற்றின் போட்டித் துப்பாக்கிகளில் அழுத்தக் காற்றுச் சிலிண்டர் இருக்கும். சுடுவது சுலபம், விலை அதிகம், காற்று நிரப்ப கிளப்பில் வசதி வேண்டும்.

பழையதை வாங்குவதானால் சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியைப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. அதற்குப் பொதுவாக 10 ஆண்டு காலவரை உண்டு. துப்பாக்கி மலிவாகக் கிடைத்து, புதுச் சிலிண்டருக்குத் தனியாகச் செலவழிக்க வேண்டி வந்தால் மலிவு என்பது பேச்சுக்குத்தான்.

அடுத்தது கைப்பிடி. போட்டிக் கைப்பிடிகள் சிறியது, நடுத்தரம், பெரியது என்றும் இடக்கை, வலக்கை என்றும் வரும். கையோடு ஒட்டாத கைப்பிடி எவ்வளவு விலை உயர்ந்தாலும் பயனில்லை. எந்தக் கண் பலமான கண் என்பதையும் சோதிக்க வேண்டும். இரு உள்ளங்கைகளையும் சேர்த்துச் சிறிய இடைவெளி விட்டு, அதன் வழியாகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கலாம். ஒரு கண்ணை மூடும்போது கடிகாரம் மறைந்தால், மூடிய கண்தான் பலமானது. வலக்கைக்காரருக்கு இடக்கண் பலமாக இருந்தால் அதைப் பயிற்றுநரிடம் முன்கூட்டியே சொல்வது நல்லது.

கடைசியாக, பழுது பார்க்க ஆள் இருக்கிறாரா என்பது. 2020 டோக்கியோ ஒலிம்பிக்கின் தகுதிச் சுற்றில் மனு பாக்கரின் கைத்துப்பாக்கியே பழுதாகி, நேரம் போய், இறுதிச் சுற்று கைநழுவியது. ஒன்றே ஒன்று வைத்திருப்பவர், உதிரிப் பாகம் இங்கே கிடைக்கும் வகையைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முறையான வரிசை

மலேசியத் துப்பாக்கி சுடும் சங்கத்திடம் கேட்டு, அருகில் எந்த கிளப் என்று தெரிந்துகொள்ள வேண்டும். உறுப்பினராகச் சேர்ந்து பாதுகாப்புப் பயிற்சி பெற வேண்டும். பிறகு மாவட்டப் போலீஸ் தலைமையகத்தில் லைசன்ஸுக்கான விதிகளைக் கேட்டறிந்து மனுச் செய்ய வேண்டும். மனு ஏற்கப்படுமா என்பது போலீஸின் முடிவு. கிளப் உறுப்பினர் என்பதால் மட்டும் அது உரிமையாகிவிடாது. லைசன்ஸ் கையில் வந்த பிறகே கடைக்காரரிடம் பணம் கட்ட வேண்டும். முன்பணம் கட்டிவிட்டு மனு நிராகரிக்கப்பட்டால் நட்டம் வாங்குபவருக்கே.

நண்பரின் துப்பாக்கியை இரண்டு நாள் வாங்கி வைத்திருப்பது, "என் வீட்டில் இடமில்லை, உன் வீட்டில் இருக்கட்டும்" என்ற பேச்சுக்கு இணங்குவது, இரண்டும் ஆபத்து. லைசன்ஸ் யார் பேரில் இருக்கிறதோ அவர் கையில்தான் அது இருக்க வேண்டும். பொருள் யாருடையது என்பதற்கு முன்னால், யாரிடம் இருந்தது என்றுதான் கேட்பார்கள். பிள்ளை பேருக்கு ஏதாவது பார்சல் வந்தால் அதில் என்ன இருக்கிறது என்று பெற்றோர் கேட்பதில் தவறில்லை.

இதற்கெல்லாம் காத்திருக்கும் நாளில் வீட்டிலேயே செய்யக்கூடிய பயிற்சி ஒன்று உண்டு. போட்டிக் காற்றுக் கைத்துப்பாக்கியின் எடை சுமார் 1 கிலோ. 1 லிட்டர் தண்ணீர்ப் போத்தலும் அதே எடைதான். ஒரு கையால் தோள் உயரத்துக்கு நீட்டி, சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்தபடி 15 வினாடி அசையாமல் பிடிக்க வேண்டும். ஒரு நிமிடம் ஓய்வு, பிறகு மறுபடியும். ஒரு நாளைக்கு 10 முறை. ஒரு மாதம் விடாமல் செய்பவர் கிளப்பில் முதல் நாளே மற்றவரைவிடக் கை நடுங்காமல் நிற்பார். இதற்கு லைசன்ஸ் வேண்டாம், செலவும் இல்லை.