நாய்க்கும் உண்டு பத்தியம்

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பிரியாணி. சாப்பிட்டு எழுந்தவர்கள் ஆளுக்கொரு கை நாய்க்கும் போட்டார்கள். திங்கள் விடியுமுன் அது கதவைப் பிறாண்டுகிறது. திறந்துவிட்டால் ஓடிப்போய்ப் புல்லைக் கடிக்கிறது. நுரைநுரையாய் வாந்தி, பின்னாலேயே தண்ணீராய்க் கழிசல். இரண்டு நாளில் தேறிவிடும். அடுத்த விருந்துக்கு மறுபடி இதே கதை.

வீட்டில் யாருக்காவது வயிறு கெட்டால் பாட்டிமார் முதலில் கஞ்சிப் பானையைத்தான் அடுப்பில் ஏற்றுவார்கள். காரம், புளி, எண்ணெய் கூடாது. வயிறு தேறியதும் பழைய சாப்பாட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். பத்தியத்தின் இந்த இரண்டு விதிகளும் நாய்க்கும் பொருந்தும். அந்தக் கஞ்சியை வைக்க ஸ்லோ குக்கர் தோதான பாத்திரம். ஆனால் முதல் விதியைப் பிடித்துக்கொள்ளும் நாம், இரண்டாவதை மறந்துவிடுகிறோம்.

வயிறு ஏன் கெடுகிறது?

கொழுப்பான மிச்சச் சாப்பாடும், உணவைத் திடீரென்று மாற்றுவதும் முதல் காரணங்கள். குடற்புழு, ஜியார்டியா போன்ற ஒட்டுண்ணிகள், கணையக் கோளாறு ஆகியவையும் இருக்கலாம். வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பாலில் உள்ள லாக்டோஸைச் செரிக்கும் திறன் குறைந்துவிடும். தட்டில் ஊற்றும் அரை டம்ளர் பாலே சிலவற்றுக்குப் பேதி மருந்து. மாட்டிறைச்சி, பால், கோழி, கோதுமை இவற்றில் ஏதாவது ஒன்று ஒவ்வாத நாய்களும் உண்டு. கோழி ஒவ்வாத நாய்க்குக் கோழிக் கஞ்சியே நோயாகும்.

‘நாய்க்குச் சோறு ஆகாது’ என்ற பேச்சு மட்டும் முழு உண்மையில்லை. ஓநாயோடு ஒப்பிட்டால், மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணு நாயிடம் பல மடங்கு அதிகப் பிரதிகளாக இருக்கிறது. ‘நேச்சர்’ இதழில் 2013இல் வந்த ஸ்வீடன் ஆய்வாளர்களின் கட்டுரை இதைக் காட்டியது. மனிதரோடு சேர்ந்து வாழ்ந்ததில் நாய்க்குச் சோறும் பழகிவிட்டது. அது குழைய வெந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மெல்ல வேகவைப்பதில் என்ன லாபம்?

எண்ணெயும் வதக்கலும் தேவையில்லை. இறைச்சி நாராய்ப் பிரியும், அரிசி கரையும், காய் மசியும். தண்ணீரில் இறங்கும் பி வைட்டமின்கள் சாறோடு சேர்ந்து தட்டுக்கே வந்துவிடும். ஸ்லோ குக்கர் இல்லாதவர்கள் பிரஷர் குக்கரில் கூடுதலாக நாலு விசில் விட்டும் செய்யலாம். பாத்திரத்தில் மந்திரம் எதுவும் இல்லை. எளிமையில்தான் இருக்கிறது சூட்சுமம்.

பத்தியக் கஞ்சி: செய்முறை

சுமார் 10 கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு இரண்டு நாளைக்கான அளவு இது:

தோலும் எலும்பும் நீக்கிய கோழி நெஞ்சுக்கறி – 450 கிராம்
பச்சரிசி – 170 கிராம்
மஞ்சள் பூசணி, தோல் சீவி நறுக்கியது – 100 கிராம்
தண்ணீர் – ஒன்றேகால் லிட்டர்

உப்பு வேண்டாம், மஞ்சள் தூளும் வேண்டாம். கறி ஃப்ரீசரிலிருந்து எடுத்த கட்டியாக இருக்கக் கூடாது. அது மெல்லச் சூடேறும் நேரத்தில் கிருமி பெருகும். எல்லாவற்றையும் போட்டு, குறைந்த சூட்டில் 6 முதல் 7 மணி நேரம் விடுங்கள். மூடியை அடிக்கடி திறந்து பார்த்தால் சூடு இறங்கிவிடும். இடையில் கரண்ட் போய், நீங்கள் வீட்டில் இல்லாமல் எவ்வளவு நேரம் போனது என்றே தெரியாவிட்டால், மனசைக் கல்லாக்கிக்கொண்டு கொட்டிவிடுங்கள்.

வெந்ததும் கறியைத் தனியே எடுத்து, விரலால் நசுக்கி நசுக்கிப் பிய்க்க வேண்டும். கடையில் ‘போன்லெஸ்’ என்று வாங்கினாலும் ஓரத்தில் ஊசிபோல் ஒரு விலா எலும்பு ஒளிந்திருக்கும். கண்ணுக்குத் தப்புவது விரலுக்குத் தட்டுப்படும். வெந்த எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கக்கூடியது.

நெஞ்சுக்கறிக்குப் பதில் தொடைக்கறி போட்டால், முதலில் கறியை மட்டும் வேகவைத்துச் சாற்றை ஃபிரிட்ஜில் வையுங்கள். மேலே வெண்ணெய்போல் உறையும் கொழுப்பை வழித்தெறிந்துவிட்டு, மிச்சச் சாற்றில் அரிசியை வேகவிடலாம்.

ஆறியதைச் சின்னச் சின்ன டப்பாக்களில் பிரித்து ஃபிரிட்ஜில் வைத்தால் 3 நாள் தாங்கும். நம் ஊர் வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள்.

எப்படிக் கொடுப்பது?

ஒரு நாளைக்குரியதை நாலு வேளையாகப் பிரித்து, வெதுவெதுப்பாகக் கொடுங்கள். பக்கத்தில் எப்போதும் தண்ணீர் இருக்கட்டும். மலம் கெட்டிப்பட்டு ஓரிரு நாள் ஆனதும், கால் பங்கு பழைய உணவு, முக்கால் பங்கு கஞ்சி என்று தொடங்கி, ஒரு வாரத்தில் முழுதாக மாற்றிவிடலாம்.

நம் அடுக்களையில் நாய்க்கு ஆகாதவை

வெங்காயம், பூண்டு: பச்சையோ வெந்ததோ, ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துச் சோகையை உண்டாக்கும். ‘பூண்டு போட்டால் வாயு போகும்’ என்ற கைவைத்தியம் இங்கே வேண்டாம்.

திராட்சை, உலர்திராட்சை, புளி: திராட்சை சில நாய்களின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்வது முன்பே தெரியும், காரணம்தான் புதிராக இருந்தது. அதிலுள்ள டார்டாரிக் அமிலமே காரணமாக இருக்கலாம் என்று அமெரிக்க நஞ்சு ஆலோசனை மைய மருத்துவர்கள் 2021இல் முன்வைத்தார்கள். அதே அமிலம் புளியில் நிறைய உண்டு; புளி தின்று சிறுநீரகம் பாதித்த நாய்களையும் அவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ரசம் சோறும் புளியோதரையும் நாய்த் தட்டுக்குப் போகாமலிருப்பதே நல்லது.

ராஜ்மா: ஸ்லோ குக்கரின் மிதமான சூட்டில் இதன் நச்சுப் புரதம் முழுதாக அழியாது. மனிதருக்கே ஆகாத அந்தக் குழம்பு நாய்க்கு எதற்கு?

சாக்லேட், சைலிட்டால் சேர்த்த இனிப்புகள்: துளியும் கூடாது.

தயிர் சாதம்: பாலைவிட லாக்டோஸ் குறைவு என்பதால் பல நாய்கள் தாங்கும். ஆனால் வயிறு கெட்டிருக்கும்போது அதையும் தள்ளி வையுங்கள்.

பத்தியம் நீண்டால் நோய்

‘கஞ்சி கொடுத்ததிலிருந்து நன்றாக இருக்கிறான், இனி இதுதான்’ என்று மாதக்கணக்கில் தொடர்பவர்கள் உண்டு. சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. எலும்பில்லாக் கறியில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. போதாத கால்சியத்தை உடம்பு தன் எலும்பிலிருந்தே உறிஞ்சும். வளரும் குட்டிக்குக் கால் வளைந்துவிடும். முட்டை ஓட்டைக் கழுவிக் காயவைத்து மாவாகப் பொடித்தால் அரை டீஸ்பூனில் சுமார் 1,000 மில்லிகிராம் கால்சியம் கிடைக்கும். ஆனால் துத்தநாகம், அயோடின், தாமிரம், வைட்டமின் டி, ஈ இவற்றின் குறையை முட்டை ஓடு நிரப்பாது.

அமெரிக்காவில் டேவிஸ் நகரிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நூல்களிலும் இணையத்திலும் வந்த 200 வீட்டு நாயுணவுச் செய்முறைகளை அலசி 2013இல் முடிவை வெளியிட்டார்கள். 95 சதவீதச் செய்முறைகளில் குறைந்தது ஒரு அத்தியாவசியச் சத்தாவது போதவில்லை. அவற்றில் பல கால்நடை மருத்துவர்களே எழுதியவை. மேலே சொன்ன கஞ்சியும் சில நாள் பத்தியம்தான், முழு உணவு இல்லை. வீட்டுச் சமையலையே நிரந்தரமாக்க நினைத்தால், நாயின் எடை, வயது, நோய் பார்த்துக் கால்நடை மருத்துவர் கணக்கிட்டுத் தரும் பட்டியலும் சத்துக் கலவையும் கட்டாயம்.

கஞ்சியை நம்பிக் காத்திருக்கக் கூடாத நேரம்

தடுப்பூசி முழுமையாகாத குட்டிக்கு நாற்றத்தோடு ரத்தக் கழிசல் என்றால் பார்வோ வைரஸாக இருக்கலாம். ஒரு மணி நேரமும் தாமதிக்காதீர்கள். மலத்தில் ரத்தம், குடித்த தண்ணீரும் தங்காத வாந்தி, ஈறு உலர்ந்து ஒட்டுவது, பிடரித் தோலைத் தூக்கிவிட்டால் மெல்லத் திரும்புவது, 2 நாள் தாண்டிய கழிசல் எல்லாம் மருத்துவமனைக்கான அறிகுறிகள். நிறையத் தின்றும் இளைத்துக்கொண்டே, எண்ணெய்ப் பசையுள்ள மலம் போகும் ஜெர்மன் ஷெப்பர்டுக்குக் கணைய நொதி சுரக்கிறதா என்று சோதிக்க வேண்டும்.

போகும்போது ஒரு டப்பாவில் மல மாதிரியையும், கடைசி மூன்று நாளில் நாய் தின்றவற்றின் பட்டியலையும் கொண்டுபோங்கள். பட்டியல் எழுதுமுன் வீட்டில் எல்லோரையும் விசாரியுங்கள். டீயில் நனைத்த ரஸ்க்கைத் தாத்தா யாருக்கும் தெரியாமல் நீட்டியது அப்போதுதான் வெளிவரும்.